அப்பா கையெழுத்து இல்லாமல் ஸ்காலர்ஷிப்: எது கிடைக்கும், எதற்குப் போராடணும்?

ஸ்காலர்ஷிப் படிவம் ஒன்றை ஒரு தடவை நிதானமா படிச்சுப் பாருங்க. உங்க பெயர், பதிவு எண், மதிப்பெண் எல்லாம் முதல் சில வரிகளிலேயே முடிஞ்சிடும். அதுக்கு அப்புறம் வருவது அப்பா அம்மாதான். தந்தை பெயர், தந்தை தொழில், பெற்றோர் ஆண்டு வருமானம், பெற்றோர் கையொப்பம். நம்மில் பெரும்பாலானவர்களுக்கு இது அஞ்சு நிமிஷ வேலை. "அப்பா, இன்கம் சர்டிபிகேட்டை போட்டோ எடுத்து அனுப்புங்க" என்று வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ், அவ்வளவுதான்.

அந்த மெசேஜை அனுப்ப முடியாதவர்களும் நம் வகுப்பில் இருக்கிறார்கள். கட்டாயக் கல்யாணத்துக்கு மறுத்து வீட்டை விட்டு வந்த பெண். வேறு சாதியில் காதலித்ததால் "நீ எங்களுக்குப் பிள்ளையே இல்லை" என்று வெளியே அனுப்பப்பட்ட பையன். தான் திருநங்கை அல்லது திருநம்பி என்று வீட்டில் சொன்ன நாளோடு வீடு இல்லாமல் போனவர்கள். குடித்துவிட்டு அடிக்கிற அப்பாவிடமிருந்து தப்பித்து, லீவு நாளிலும் ஹாஸ்டலிலேயே கிடப்பவர்கள். இவர்கள் பெரும்பாலும் வெளியே சொல்வதில்லை. ஃபீஸ் கட்டும் கடைசித் தேதி நெருங்கும்போதுதான் "டிஸ்கன்டினியூ பண்ணப் போறேன்டா" என்று ஒரு வார்த்தை வரும்.

"தலை முழுகிட்டோம்", "தண்ணி தெளிச்சு விட்டாச்சு" என்று சொல்ல நம் மொழியில் வார்த்தைகளுக்குக் குறைவில்லை. ஆனால் அரசுப் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் கிடையாது.

இந்தக் கட்டுரை சொல்ல வருவது ஒன்றுதான். எல்லா உதவித்தொகையும் ஒரே கேள்வியைக் கேட்பதில்லை. சில திட்டங்கள் உங்களைப் பற்றி மட்டும் கேட்கும். சில உங்கள் பெற்றோரைப் பற்றிக் கேட்கும். எது எந்தக் கேள்வியைக் கேட்கிறது என்று முதலில் பிரித்துக்கொண்டால், எங்கே நேராக விண்ணப்பிக்கலாம், எங்கே மனு எழுதணும், எங்கே நேரத்தை வீணாக்க வேண்டாம் என்பது தெளிவாகிவிடும்.

விதி பார்ப்பது உயிரை, உறவை அல்ல

மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகையை எடுத்துக்கொள்வோம். எஸ்.சி. மாணவர்களுக்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் ஆண்டு வருமான உச்சவரம்பு 2.5 லட்சம் ரூபாய். பிற்படுத்தப்பட்டோருக்கான பி.எம். யசஸ்வி திட்டத்திலும் அதே 2.5 லட்சம்தான்.

"பாதுகாவலர்" என்று போட்டிருக்கிறதே, அப்போ மாமா வருமானத்தைக் காட்டலாமே என்று தோன்றும். இங்கேதான் சிக்கல். இந்தத் திட்டங்களின் வழிகாட்டுதல்களில் நெடுங்காலமாக ஒரு குறிப்பு உண்டு. பெற்றோரில் ஒருவர் உயிரோடு இருக்கும்வரை பெற்றோரின் வருமானம்தான் கணக்கு. திருமணமாகி வேலையில்லாத மாணவி என்றால் கணவரின் வருமானம். பெற்றோர் இருவரும் இறந்துவிட்டால் மட்டுமே, படிக்க வைக்கிற பாதுகாவலரின் வருமானம் பார்க்கப்படும்.

அதாவது விதி கேட்பது "உன்னைப் படிக்க வைப்பது யார்?" என்று அல்ல. "உன் அப்பா அம்மா உயிரோடு இருக்கிறார்களா?" என்று. இருக்கிறார்கள் என்றால், அவர்கள் ஒரு பைசா தராவிட்டாலும், போனைக்கூட எடுக்காவிட்டாலும், அவர்களுடைய வருமானம் உங்கள் வருமானமாகக் கணக்கில் வந்துவிடும்.

கணவரைப் பற்றிய வரியையும் கவனிங்க. ஒரு பெண் கல்யாணம் பண்ணிக்கொண்டால் மறுநாளே கணக்கு அப்பாவிடமிருந்து கணவருக்கு மாறிவிடுகிறது. அதே பெண் கல்யாணத்துக்கு மறுத்து, "எனக்குப் படிக்கணும்" என்று வெளியே வந்தால் கணக்கு அப்பாவிடமே நிற்கிறது. சான்றிதழ் வழங்குவதிலும் இதே கதைதான். கணவரால் கைவிடப்பட்ட பெண் என்பதற்குத் தமிழ்நாட்டு வருவாய்த் துறை சான்றிதழ் தருகிறது. பெற்றோரால் கைவிடப்பட்ட 19 வயது மாணவர் என்பதற்கு அப்படி ஒரு சான்றிதழே இல்லை.

"இன்று முதல் என் மகனுக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை" என்று வக்கீல் மூலம் பேப்பரில் விளம்பரம் கொடுக்கிறார்களே, அது போதாதா? சான்றிதழாக அது செல்லாது. ஆனால் தூக்கிப் போட வேண்டாம். பின்னால் மனு எழுதும்போது உறவு அறுந்ததைக் காட்டும் நல்ல ஆவணம் அது. கட்டிங்கை பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் கட்டு: உங்களைப் பற்றி மட்டும் கேட்பவை

முதலில் கை வைக்க வேண்டியது இங்கே.

புதுமைப் பெண்: மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரிலான இந்தத் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய். அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் பின்னர் விரிவாக்கப்பட்டது. பெற்றோர் வருமான உச்சவரம்பு கிடையாது. நீங்கள் எங்கே படித்தீர்கள் என்பதுதான் கேள்வி.

தமிழ்ப் புதல்வன்: மாணவர்களுக்கான இதே மாதிரித் திட்டம். 2024 ஆகஸ்ட் 9 அன்று தொடங்கியது. இதுவும் மாதம் 1,000 ரூபாய், இதிலும் வருமானக் கேள்வி இல்லை. இரண்டுக்கும் கல்லூரி வழியாகவே விண்ணப்பிக்கலாம். பணம் மாணவரின் சொந்த வங்கிக் கணக்குக்கே வருகிறது.

7.5 சதவீத ஒதுக்கீடு: அரசுப் பள்ளி மாணவர்களுக்காக 2021-ல் தொழிற்கல்விப் படிப்புகளில் கொண்டுவரப்பட்ட ஒதுக்கீடு. இதில் சேர்ந்தவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. நீங்கள் இதில் சேர்ந்திருந்தால், வீட்டோடு உறவு முறிந்தது இந்தச் சலுகையைப் பாதிக்காது.

முதல் பட்டதாரி சலுகை: கவுன்சிலிங் மூலம் சேர்ந்தவர்களுக்கானது. வருமானத்தைப் பார்ப்பதில்லை, குடும்பத்தில் வேறு பட்டதாரி இருக்கிறாரா என்பதைத்தான் பார்க்கிறார்கள். ஒரு சின்னச் சிக்கல் உண்டு. சான்றிதழ் வாங்கும்போது மாணவரும் பெற்றோரும் சேர்ந்து உறுதிமொழி கொடுக்க வேண்டும். நீங்கள் சேர்க்கையின்போதே கொடுத்துவிட்டீர்கள் என்றால் பிரச்சினை இல்லை. பிறகு வீட்டில் சண்டை வந்தது என்பதற்காகச் சலுகை போய்விடாது.

திருநங்கை, திருநம்பி மாணவர்கள்: உயர்கல்வி தொடரும் மூன்றாம் பாலினத்தவரின் கல்வி மற்றும் விடுதிக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்று தமிழ்நாடு அரசு 2024-25 பட்ஜெட்டில் அறிவித்தது. இங்கே தேவைப்படுவது அடையாளச் சான்று. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதை வழங்குபவர் மாவட்ட ஆட்சியர். 18 வயது முடிந்தவருக்குப் பெற்றோர் சம்மதம் தேவையில்லை. வீட்டைத் தாண்டி வந்தவர்களுக்கு ஒரு காகிதம் உண்மையிலேயே கதவைத் திறக்கும் இடம் இது.

இரண்டாம் கட்டு: பெற்றோர் வருமானம் கேட்பவை

போஸ்ட் மெட்ரிக், பி.எம். யசஸ்வி பற்றிப் பார்த்தோம். 12-ஆம் வகுப்பு மதிப்பெண் அடிப்படையிலான மத்திய அரசு உதவித்தொகைக்குக் குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஏ.ஐ.சி.டி.இ.யின் பிரகதி திட்டம் மாணவிகளுக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் தருகிறது, வரம்பு 8 லட்சம். ஏ.ஐ.சி.டி.இ.யின் ஸ்வநாத் திட்டமும் 50,000 தான். அது பெற்றோரை இழந்தவர்கள், கொரோனாவில் தாயையோ தந்தையையோ இழந்தவர்கள், பணியில் உயிர்நீத்த ராணுவ, துணை ராணுவ வீரர்களின் பிள்ளைகள் ஆகியோருக்கு. பெற்றோர் உயிரோடு இருந்து கைவிட்டவர்களுக்கு அதில் இடமில்லை.

இந்தக் கட்டில் உங்கள் நிலைமை எது என்று பாருங்கள்.

முதல் நிலை: அப்பா விட்டுப் போய்விட்டார், அம்மா இருக்கிறார். கல்லூரியில் அதிகம் காணப்படுவது இதுதான். அப்பாவைத் தேடிப் போக வேண்டியதில்லை. அம்மா பெயரில் வருமானச் சான்றிதழ் கேட்டு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். கைவிடப்பட்ட பெண் என்ற சான்றிதழை அம்மா வாங்கி வைத்திருந்தால், வி.ஏ.ஓ. விசாரணையில் "அப்பா எங்கே?" என்ற கேள்விக்கு அதுவே பதில். ரேஷன் கார்டில் அப்பா பெயர் இன்னும் இருந்தால் அதையும் சேர்த்து விளக்குங்கள்.

இரண்டாம் நிலை: இருவரோடும் தொடர்பில்லை, ஆனால் முன்பு கொடுத்த வருமானச் சான்றிதழ் இருக்கிறது. போஸ்ட் மெட்ரிக் வழிகாட்டுதல்களில் ஒரு பயனுள்ள வரி உண்டு. ஒரு வருடத்துக்கு மேல் நடக்கும் படிப்புக்குச் சேர்க்கையின்போது ஒரு முறை வருமானச் சான்றிதழ் வாங்கினால் போதும் என்பதுதான் அது. "புதுசு கொண்டு வா" என்று சொன்னால், உடனே ஊருக்கு ஓடாமல், பழையதை வைத்துப் புதுப்பிக்க முடியுமா என்று கல்லூரி ஸ்காலர்ஷிப் பிரிவில் முதலில் கேளுங்கள்.

மூன்றாம் நிலை: இருவரோடும் தொடர்பில்லை, கையில் எந்தக் காகிதமும் இல்லை. கஷ்டமான நிலை இதுதான். இங்கே நேர்வழி விதி இல்லை, மனுதான் வழி. தாசில்தாருக்கு எழுத்தில் மனு கொடுங்கள். எந்தத் தேதியிலிருந்து வீட்டில் இல்லை, எங்கே தங்கியிருக்கிறீர்கள், செலவுக்கு யார் உதவுகிறார்கள், உங்கள் சொந்த வருமானம் என்ன என்பதை நேராக எழுதுங்கள். உணர்ச்சி பொங்க நாலு பக்கம் வேண்டாம், தேதிகளோடு ஒரு பக்கம் போதும். அசையவில்லை என்றால், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் அதே மனுவைக் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாயால் சொன்ன "முடியாது"வை வைத்து அடுத்த அதிகாரியிடம் போக முடியாது.

இது கண்டிப்பாகப் பலிக்கும் என்று இல்லை. ஆனால் மனு எண் இருக்கும் மாணவரிடம் கல்லூரி "ஃபீஸுக்குக் கொஞ்சம் டைம் தர்றோம்" என்று சொல்ல ஒரு காரணம் கிடைக்கிறது.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். "அப்பா இல்லை" என்று எழுதிவிடலாம், சித்தப்பாவை அப்பா என்று போட்டுவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். பொய்த் தகவல் கொடுத்து வாங்கிய உதவித்தொகை ரத்தாகும், பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும், அடுத்து எந்தத் திட்டத்திலும் பெயர் வராது. உங்கள் பக்கம் நியாயம் இருக்கும்போது அதை ஒரு பொய்யால் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

மூன்றாம் கட்டு: கையெழுத்து கேட்பவை

கல்விக் கடன் உதவித்தொகை அல்ல. ஆனாலும் ஸ்காலர்ஷிப் கிடைக்காதவர்கள் அடுத்து போவது அங்கேதான். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி, பெற்றோர் அல்லது பாதுகாவலர் கூட்டுக் கடனாளியாகச் சேர வேண்டும். திருமணமானவர் என்றால் கணவன், மனைவி அல்லது மாமனார் மாமியார். இங்கே "பாதுகாவலர்" என்ற வார்த்தைக்கு ஸ்காலர்ஷிப் விதியைவிடக் கொஞ்சம் இடம் இருக்கிறது. படிக்க வைக்கும் பாட்டியோ அத்தையோ கையெழுத்துப் போட முன்வந்தால் வங்கி மேலாளரிடம் பேசிப் பார்க்கலாம்.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பி.எம். வித்யாலட்சுமி திட்டம், பிணையமும் ஜாமீன்தாரரும் இல்லாத கடன் என்கிறது. அது தேசியத் தரவரிசை அடிப்படையில் தேர்வான கல்லூரிகளுக்கு மட்டும். உங்கள் கல்லூரி பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும், கூட்டுக் கடனாளி வேண்டுமா என்பதை வங்கிக் கிளையில் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஜாமீன்தாரர் வேறு, கூட்டுக் கடனாளி வேறு.

பணம் யார் கணக்குக்குப் போகுது?

எல்லாம் சரியாக வந்து, பணம் தப்பான இடத்துக்குப் போவதும் நடக்கும். நேரடிப் பணப்பரிமாற்றத்தில் பணம், உங்கள் ஆதார் எண்ணோடு கடைசியாக இணைக்கப்பட்ட வங்கிக் கணக்குக்குப் போகும். நீங்கள் படிவத்தில் எழுதிய கணக்கு வேறாக இருந்தாலும் அப்படித்தான். பள்ளியில் படிக்கும்போது அப்பாவோடு சேர்த்துத் திறந்த கணக்கு அதுவாக இருந்தால், ஏ.டி.எம். கார்டு வீட்டில் இருக்கும், ஓ.டி.பி. அப்பா போனுக்குப் போகும்.

அதனால் மூன்று வேலை. உங்கள் பெயரில் மட்டும் ஒரு சேமிப்புக் கணக்கு திறங்கள். அந்த வங்கியில் ஆதாரை டி.பி.டி.க்காக இணைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். ஆதார் மையத்துக்குப் போய்ப் புது மொபைல் எண்ணைப் பதிவு செய்யுங்கள். கைரேகை போதும், வேறு ஆவணம் கேட்க மாட்டார்கள். இந்த மூன்றாவது வேலையை முதலில் செய்வது நல்லது. இ-சேவை, டிஜிலாக்கர், தேசிய ஸ்காலர்ஷிப் போர்ட்டல் எல்லாமே அந்த ஒரு எண்ணை நம்பித்தான் ஓடுகின்றன.

மதிப்பெண் சான்றிதழ் வீட்டில் மாட்டிக்கொண்டால் பதறாதீர்கள். 10, 12-ஆம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்களை டிஜிலாக்கரில் எடுக்கலாம். மூலச் சான்றிதழ்கள் பெரும்பாலும் கல்லூரி அலுவலகத்தில்தான் இருக்கும். சாதிச் சான்றிதழ் ஆன்லைனில் வாங்கியது என்றால் இ-சேவையில் மறுபடி பதிவிறக்கலாம்.

சட்டம் எவ்வளவு தூரம் துணைக்கு வரும்?

இன்னும் 18 முடியவில்லை என்றால் சட்டப்படி நீங்கள் குழந்தைதான். முதலாமாண்டில் 17 வயதுக்காரர்கள் நிறைய பேர் உண்டு. 1098-க்கு அழைக்கலாம், மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவிடம் போகலாம். அந்தக் குழு போடும் உத்தரவு, நீங்கள் பராமரிப்பு தேவைப்படுபவர் என்பதற்கு அரசே கொடுக்கும் அத்தாட்சி. 18 முடிவதற்குள் இதை வாங்கி வைப்பதற்கும் முடிந்த பிறகு அலைவதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்து வந்தவர்கள், மிஷன் வாத்சல்யா திட்டத்தின் பிற்காப்பு உதவி பற்றி மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேளுங்கள். 18 முதல் 21 வயதுவரை அது உண்டு.

18 முடிந்தபின் மகனுக்கும் மகளுக்கும் சட்டம் ஒன்றாக இல்லை. 1956-ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் 20(3) பிரிவுப்படி, தன்னைத் தானே பராமரித்துக்கொள்ள முடியாத திருமணமாகாத மகளுக்கு ஜீவனாம்சம் கேட்கும் உரிமை உண்டு. 2020-ல் அபிலாஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. மகளுக்குப் பெற்றோரிடமிருந்து படிப்புச் செலவைப் பெறும் சட்டப்படியான உரிமை உண்டு என்று 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம் சொன்னது. உடல்நலமுள்ள, வயது வந்த மகனுக்கு இந்தச் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இல்லை.

அப்பா மீது வழக்குப் போடுவது எல்லோராலும் முடிகிற காரியமில்லை, எல்லோரும் போட வேண்டும் என்றும் இல்லை. பாதுகாப்புக்காக ஒளிந்திருப்பவர்களுக்கு அது ஆபத்தும்கூட. ஆனால் உரிமை இருக்கிறது என்று தெரிந்திருப்பது நல்லது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. அழைப்பு எண் 15100. அடி, மிரட்டல், கட்டாயக் கல்யாணம் என்றால் பெண்கள் 181-ஐ அழைக்கலாம்.

மற்ற ஊர்களில் எப்படிக் கேட்கிறார்கள்?

இந்தக் கேள்வியை வேறு மாதிரியும் கேட்க முடியும் என்பதற்கு இரண்டு நாடுகள் சாட்சி.

இங்கிலாந்தில் 25 வயதுக்குக் கீழே உள்ள மாணவருக்கு எவ்வளவு வாழ்க்கைச் செலவுக் கடன் என்பது பெற்றோர் வருமானத்தைப் பொறுத்தது. ஆனால் பெற்றோரோடு உறவு சீர்செய்ய முடியாதபடி முறிந்துவிட்டது என்று காட்டினால், அவரைத் தனித்து நிற்பவராகவே கணக்கில் எடுத்து, பெற்றோர் வருமானத்தைப் பார்க்காமல் விடுகிறார்கள். அதற்குச் சான்றாக, நிலைமை தெரிந்த ஆசிரியர், மருத்துவர், சமூகப் பணியாளர் போன்ற ஒருவரின் கடிதம் ஏற்கப்படுகிறது.

அமெரிக்காவில் வரம்பு 24 வயது. அங்கே ஒரு கறாரான கோடு போட்டிருக்கிறார்கள். பெற்றோர் பணம் தர மறுப்பது மட்டும் காரணமாகாது. மாணவர் சொந்தக் காலில் நிற்கிறார் என்பதும் போதாது. கைவிடப்பட்டது, உறவு முறிந்தது, வீட்டில் ஆபத்து என்பவை காரணமாகும். முடிவெடுப்பவர் கல்லூரியின் நிதியுதவி அதிகாரி. அந்த அதிகாரி மாணவரிடம் நேரில் பேசி எழுதி வைக்கும் குறிப்பையே ஆதாரமாக ஏற்கலாம். 2024-25 கல்வியாண்டிலிருந்து வந்த புதிய படிவத்தில், இப்படிப்பட்ட நிலையில் உள்ளவர் பெற்றோர் விவரம் இல்லாமலே விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கலாம். சரிபார்ப்பு பிறகு நடக்கும்.

அங்கேயும் அலைச்சல் உண்டு, சந்தேகப் பார்வை உண்டு. கல்யாணமானால் தனியாள் என்ற விதி அங்கேயும் உண்டு. ஆனால் "உறவு முறிந்தது" என்பதற்குப் படிவத்தில் ஓர் இடம் இருக்கிறது. எல்லோரும் பொய் சொல்லி வாங்கிவிடுவார்களே என்ற பயத்துக்கும் பதில் இருக்கிறது. மூன்றாம் ஆளின் கடிதம், ஒரு நேர்காணல், தேதிகள். இதில் எதுவும் நம் ஊரில் முடியாத காரியமில்லை.

இந்த வாரமே செய்யக்கூடியவை

1. ஆதாரில் உங்கள் சொந்த மொபைல் எண். அடுத்து உங்கள் பெயரில் வங்கிக் கணக்கு, டி.பி.டி. இணைப்பு.

2. முதல் கட்டில் உங்களுக்குப் பொருந்தும் திட்டங்கள் எல்லாவற்றுக்கும் கல்லூரி நோடல் அலுவலரிடம் விண்ணப்பம். ஏற்கனவே பணம் வருகிறது என்றால் அது எந்தக் கணக்குக்கு வருகிறது என்று பாருங்கள்.

3. ஒரு ஃபைல் தொடங்குங்கள். வீட்டை விட்டு வந்த தேதி, ஹாஸ்டல் அல்லது அறை வாடகை ரசீது, மிரட்டல் மெசேஜ்களின் ஸ்கிரீன்ஷாட், போலீஸில் புகார் கொடுத்திருந்தால் சி.எஸ்.ஆர். ரசீது, பேப்பர் விளம்பரம் வந்திருந்தால் அது.

4. உங்களை நன்றாகத் தெரிந்த ஒரு பேராசிரியரிடம், துறைத் தலைவரிடம் அல்லது ஹாஸ்டல் வார்டனிடம் ஒரு கடிதம் கேளுங்கள். "இந்த மாணவர் இந்தத் தேதி முதல் பெற்றோர் ஆதரவின்றிப் படித்து வருவது எனக்குத் தெரியும்" என்ற ஒரே வரி போதும். கல்லூரி முத்திரையோடு இருந்தால் நல்லது.

5. தாசில்தாருக்கு மனு. நகலும் ரசீதும் ஃபைலில்.

6. கல்லூரி முதல்வருக்குத் தனியாக ஒரு கடிதம். தவணையில் கட்ட அனுமதி, அபராதத் தள்ளுபடி, முன்னாள் மாணவர் சங்க நிதி ஆகிய மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். "ஏதாவது உதவி செய்யுங்க" என்று கேட்டால் பதிலும் "பார்க்கலாம்" என்றுதான் வரும்.

நண்பர்களுக்கும் கல்லூரிக்கும்

உங்கள் நண்பர் யாராவது இந்த நிலையில் இருந்தால், "எல்லாம் சரியாயிடும், அப்பாகிட்ட ஒரு தடவை பேசிப் பாரேன்" என்பது முதல் வாக்கியமாக இருக்க வேண்டாம். அவர் அதை நூறு தடவை யோசித்திருப்பார். "தாலுகா ஆபீஸுக்கு எப்போ போகணும்? நானும் வர்றேன்" என்று சொல்லுங்கள். அவர் எங்கே தங்கியிருக்கிறார் என்பதை யாரிடமும், குறிப்பாக ஊர்க்காரர்களிடம், சொல்லாதீர்கள்.

கல்லூரிகளிடம் கேட்க வேண்டியது பெரிய தொகை அல்ல. "பேரண்ட்ஸைக் கூட்டிட்டு வா" என்று சொல்வதற்கு முன் ஒரு நிமிஷம் தனியறையில் விசாரிப்பது. பெற்றோர் கையொப்பம் வாங்க முடியாதவர்களுக்காகத் துறைக்கு ஒரு பேராசிரியரைப் பொறுப்பாக வைப்பது. அவர் எழுதும் கடிதத்தை உள் சலுகைகளுக்காவது ஆதாரமாக ஏற்பது. இதற்கு அரசாணை வரக் காத்திருக்க வேண்டியதில்லை. முதல்வர் கையெழுத்திட்ட ஒரு சுற்றறிக்கை போதும்.

அரசு விதியில் மாற வேண்டியதும் ஒரே ஒரு குறிப்புதான். "பெற்றோர் இருவரும் இறந்துவிட்டால்" என்ற இடத்தில் "அல்லது மாணவரை ஆதரிப்பதில்லை என்று சான்றளிக்கப்பட்டால்" என்று சேர்க்க வேண்டும். அந்த வரி வரும்வரை, மேலே சொன்ன ஆறு வேலைகளையும் ஒவ்வொன்றாகச் செய்துகொண்டே வாருங்கள். ஃபீஸ் கடைசித் தேதிக்கு இன்னும் நாள் இருக்கும்போதே தொடங்கிவிடுங்கள்.